செம்பனை ஆலை ஸ்டோரில் சாமான் இருக்கும் இடம் காட்டும் புளூடூத் வலை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலையின் ஸ்டோரை எடுத்துக்கொள்வோம்: தகரக் கூரை, இரும்பு ரேக், 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். ஜிபிஎஸ் உள்ளே எடுபடாது. செயின் புளோக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) எந்தச் சந்தில் கிடக்கிறது என்று அறிய வைஃபையும் புளூடூத்தும் உள்ள 8 இஎஸ்பி32 சிறு மின்பலகைகள், ராஸ்பெரி பை என்ற ஒரு குட்டிக் கணினி, சாமானுக்கு ஒரு புளூடூத் டேக் போதும். டேக்கின் சிக்னல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைப் பலகைகள் வைஃபை வழியே கணினிக்கு அனுப்பும், கணினி இடத்தைக் கணக்கிடும்.

பலகைகளில் நான்கை மூலைகளிலும் நான்கை ரேக் சந்துகளிலும் 2.5 மீட்டர் உயரத்தில், இரும்பை விட்டு ஒரு முழம் தள்ளி மாட்டுங்கள். டேக்கை இரும்பில் நேரே ஒட்டினால் ஆன்டெனா கெடும். இடையில் 1 செ.மீ. ஃபோம் வையுங்கள். டேக் 300 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒலிபரப்பட்டும். இஎஸ்பி32இல் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே ரேடியோதான். அதனால் 100 மில்லி விநாடியில் 50 மட்டும் கேட்கச் சொல்லுங்கள். முழுக்கக் கேட்டால் வைஃபை அறுந்துபோகும்.

சிக்னல் பலத்தை நேரே மீட்டராக மாற்றாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். 1 மீட்டரில் −59 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு), தூரத்தோடு சிக்னல் குறையும் வேகத்தைச் சொல்லும் தேய்வு எண் 2.5 என்றால், −79 என்பது 6.3 மீட்டர். குறுக்கே ஓர் ஆள் நின்று 6 டெசிபல் குறைந்தால் அதே டேக் 11 மீட்டரில் இருப்பதாகக் காட்டும். உடம்பிலுள்ள தண்ணீர் புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சுகிறது. தகரமோ அதைத் திருப்பி அடிக்கிறது.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2000இல் 'ராடார்' என்ற பெயரில் வெளியிட்ட வழியே இங்கு நிற்கும். தரையில் சாக்கட்டியால் 2 மீட்டர் கட்டங்கள் போடுங்கள், 60 வரும். ஒவ்வொன்றின் நடுவிலும் டேக்கை இடுப்புயரத்தில் பிடித்து, நான்கு திசைக்கும் 30 விநாடி நில்லுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் நடுமதிப்பைப் பதியுங்கள். டேக் கேட்காத பலகைக்கு −100. மொத்தம் இரண்டு மணி நேர வேலை. பிறகு வரும் அளவோடு பதிவு மிக நெருங்கும் 3 கட்டங்களின் சராசரி இடமே சாமான் இருக்கும் இடம். சந்து தெரியும், ரேக்கின் எந்தத் தட்டு என்று தெரியாது. தட்டும் தெரிய வேண்டுமென்றால் சிக்னல் வந்து சேரும் நேரத்தை அளக்கும் யுடபிள்யுபி என்ற வேறு வகை ரேடியோதான்.

காலி ஸ்டோரில் அளக்காதீர்கள். எண்ணெய் டிரம்கள் வந்ததும் அளவெல்லாம் மாறிவிடும். இடம் மாறாத இரண்டு டேக்குகளைத் தொங்கவிடுங்கள். அவற்றின் மதிப்பு 5 டெசிபலுக்கு மேல் நகர்ந்து அப்படியே நின்றால் மறுபடி அளக்க வேண்டும்.

மாலை இடியில் அடாப்டர் கருகுவது இங்கே சகஜம். திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் போடுங்கள். ஒவ்வொரு பலகையும் நிமிடத்துக்கொருமுறை 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பட்டும். அது நின்றுபோன பலகையை −100 என்று எடுத்தால் எல்லாச் சாமானும் எதிர்ப்பக்கம் போனதாகக் காட்டும். அதைக் கணக்கிலிருந்தே நீக்குங்கள்.