மழை ஏமாற்றுகிற கார்த்திகையை டெல்டாவில் எப்படிக் கழிப்பது

கார்த்திகை பாதி போய்விட்டது. வயலில் சம்பா தூர் கட்டி நிற்கிறது, வானம் வெளுத்துக் கிடக்கிறது. திருத்துறைப்பூண்டி டீக்கடை பெஞ்சில் நாலு மழை ரசிகர்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு போனில் ஒரே சாட்டிலைட் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், வேறு பேச்சும் இல்லை. "அந்தமான் பக்கம் ஏதோ இருக்கு அண்ணே." "அது ஆந்திரா போயிடும்டா." இப்படியே பேசிப் பேசி ஒரு பருவத்தைக் கழித்தவன் நான். வெறும் பேச்சாகப் போகாமல் இந்த நாட்களை உருப்படியாக்க என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு மழைமானி வையுங்கள். வாய் விட்டம் 16 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் புனல் ஒன்று, 5 லிட்டர் கேன் ஒன்று, மருந்துக் கடையில் 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று, அவ்வளவுதான் செலவு. அந்தப் புனல் வாயின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. வரும், அதனால் கேனில் சேரும் ஒவ்வொரு 20 மி.லி. தண்ணீரும் 1 மி.மீ. மழை. அதாவது இரண்டு சிரிஞ்சு நிறைய எடுத்தால் ஒரு மி.மீ. கேன் முழுக்க நிரம்பினால் 250 மி.மீ., வானிலைத் துறை அதிகனமழை என்று சொல்லும் 204.4 மி.மீ. எல்லையே அதற்குள் அடங்கிவிடும். தென்னை, மாடிச்சுவர், தண்ணீர்த் தொட்டி எது பக்கத்தில் இருந்தாலும் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். என் புனல் முதல் வருஷம் வேப்பமரத்துக்குக் கிட்டே இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் இரண்டு வேப்பிலை புனலின் கழுத்தில் ஒட்டி அடைத்திருந்தன, தண்ணீர் மேலேயே நின்றது. அன்றைக்கு அளவு போச்சு. அப்புறம்தான் ஒரு கொசுவலைத் துண்டைக் கழுத்தில் திணித்து வைத்தேன்.

தினம் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையின் கணக்கு நாளும் 8.30 முதல் மறுநாள் 8.30 வரைதான், அப்போதுதான் நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், வேதாரண்யம் அளவுகளோடு உங்களுடையதை வைத்துப் பார்க்க முடியும். மழை இல்லாத நாளில் 0 என்று கட்டாயம் எழுத வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எழுதாத நாள் மழை பெய்யாத நாளா, நீங்கள் ஊரில் இல்லாத நாளா என்று மூன்று மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. மார்கழி வந்துவிட்டால் இன்னொரு சங்கதி: விடியற்காலையில் புனலின் உள்பக்கம் முழுக்கப் பனி முத்துமுத்தாகக் கோத்திருக்கும், கேனிலும் நாலைந்து சொட்டு இறங்கியிருக்கும். அதை மழைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஓரத்தில் "பனி" என்று குறித்தால் போதும்.

அடுத்து படங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாடல் படத்தை, அதாவது கம்ப்யூட்டர் போட்ட வானிலைக் கணிப்பைத் திறந்து பத்தாம் நாள் புயலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, காலையில் அது காணாமல் போய் மனசு உடைந்து போவது நம் ஆட்களிடம் பெரிய வியாதி. ஐந்து நாளுக்கு மேல் உள்ளதை ஒரு நாளைக்கு ஒரு தடவை பாருங்கள், போதும். மழை வரும் நேரத்துக்குக் காரைக்கால் ரேடார்தான் நம் கண். அதையும் அதிகாலை மூன்றில் இருந்து ஆறு மணிக்குள் பாருங்கள். இரவில் தரையில் இருந்து கடலுக்கு இறங்கும் காற்றும் கடலில் இருந்து வரும் கொண்டலும் முட்டிக்கொள்கிற இடத்தில்தான் கரையோர மேகம் திரள்கிறது, அதனால் நம் கடற்கரைக்கு விடியல் மழை அதிகம். போனே வேண்டாம் என்றால் வாசலில் எரியும் தென்னை மட்டையின் புகையைப் பாருங்கள். புகை மேற்கே சாய்ந்தால் கீழக்காற்று இருக்கிறது, கொஞ்சம் நம்பலாம். தெற்கே சாய்ந்து உடம்பு குளிர்ந்தால் வாடை இறங்கிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கு ரேடார் பார்ப்பது வீண்.

ஏன் பெய்யவில்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு ஆறுதல். வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு ஆந்திராவுக்கு ஏறினால் ஈரக்காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், நமக்கு மிஞ்சுவது வறண்ட வடமேற்குக் காற்று. 2016 அப்படி எல்லாம் சேர்ந்து கெட்ட வருஷம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் சராசரி 44 செ.மீ., அந்த வருஷம் கிடைத்தது 17 செ.மீ. அளவுக்குத்தான். நாடா என்ற புயல் நம்மை நோக்கித்தான் வந்தது, டிசம்பர் 2ஆம் தேதி காரைக்கால் பக்கம் கரை தொடும் முன்பே வலுவிழந்தது. பத்து நாள் கழித்து வர்தா சென்னைக்குப் போனது. லா நினா, அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தை விடக் குளிர்ந்து கிடப்பது, வந்தால் வடகிழக்குப் பருவமழை குறையும் என்று ஒரு பேச்சு உண்டு, 2016க்கு அது பொருந்தியது. ஆனால் 2021ம் லா நினா வருஷம்தான், சராசரியை விட 59 சதவீதம் கூடுதலாகக் கொட்டியது. ஒரே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு பருவம் முழுவதையும் கணிக்கிற ஆளிடம் இந்த இரண்டு வருஷத்தையும் சொல்லிப் பாருங்கள்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. நாம் பொழுதுபோக்காகப் பேசுவது பக்கத்து பெஞ்சில் காதில் விழுகிறது. ஒரு கார்த்திகையில் "வியாழக்கிழமை நிச்சயம் மழை" என்று நான் அடித்துச் சொன்னதை எங்கள் தெரு மாமா ஒருவர் கேட்டுவிட்டு, டீசல் மிச்சம் என்று இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைப்பதை நாலு நாள் தள்ளிப் போட்டார். வியாழன் வந்தது, வெயில் அடித்தது. வெள்ளிக்கிழமை அவர் வயலில் நின்றேன். வெடிப்பில் என் கால் கட்டைவிரல் இறங்கியது. "நீ சொன்னியேன்னுதான் தம்பி இருந்தேன்" என்றார், அவ்வளவுதான், ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றில் இருந்து விவசாயி யாராவது கேட்டால் இரண்டு நாளைக்குள் உள்ளதை மட்டும் சொல்கிறேன். "வாய்ப்பு இருக்கு மாமா, ஆனா இதை நம்பி தண்ணியை நிறுத்தாதீங்க, யூரியா மட்டும் நாளைக்குப் போட வேணாம்" என்கிற மாதிரி, மழை வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு நஷ்டம் இல்லாத பேச்சாகச் சொல்லப் பழகுங்கள். புயல் எச்சரிக்கை என்றால் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், உங்கள் கருத்தைக் கலக்க வேண்டாம். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறியதைப் பார்த்த ஊர் இது.

பேச்சு வறண்டுவிட்டால் பெரியவர்களிடம் கர்ப்போட்டம் பற்றிக் கேளுங்கள். மார்கழியில் கர்ப்போட்டம் என்று சொல்லும் பதினாலு நாளும் மேகம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து வருகிற வருஷ மழையைச் சொல்வார்கள். நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்து, அடுத்த வருஷ மானி அளவோடு ஒப்பிடுங்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை, ஆனால் எழுதி வைக்காமல் தள்ளிவிடவும் மனசு வரவில்லை.

டிசம்பர் 31ஆம் தேதி மானியைக் கழற்றி உள்ளே வைத்துவிடாதீர்கள். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்தது, 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அதே கதை. தை மாதத்தில் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடும்: களத்தில் நெல் காய்கிறது, நாளைக்குத் தார்ப்பாய் வேண்டுமா வேண்டாமா. அதற்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ரேடார் பார்த்துச் சொல்ல ஊருக்கு ஒருத்தர் வேண்டும்.