மாஸ்பலோமாஸில் ஆடையில்லாமல் ஒரு பகல்

ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில், ப்ளாயா டெல் இங்லேஸுக்கும் மாஸ்பலோமாஸ் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே உள்ள கரையில் ஒரு பகுதி ஆடையில்லாமல் இருப்போருக்கானது. அந்த இடம் வந்த பிறகே உடை களையுங்கள். ஸ்பெயினில் 1988க்குப் பிறகு வெறும் உடம்போடு இருந்தாலே குற்றம் என்பது கிடையாது. ஆனால் உள்ளூர் நிர்வாகங்கள் தனி விதி போடலாம்.

துண்டு இரண்டு வேண்டும்: ஒன்று துவட்ட, ஒன்று உட்கார. வாடகைச் சாய்வு நாற்காலியில் துண்டு விரிக்காமல் உட்காருவதுதான் அங்கே பெரிய அநாகரிகம். அடுத்தது செல்போன். செல்ஃபிக்குத் தூக்கிப் பிடித்தாலே பக்கத்தில் படுத்திருப்பவர் முகம் சுளிப்பார், பைக்குள்ளேயே கிடக்கட்டும். இடம் காலியாக இருந்தால் அடுத்தவரிடமிருந்து நாலைந்து மீட்டர் தள்ளித் துண்டை விரியுங்கள். உடையோடும் சிலர் வருவார்கள். வெறித்துப் பார்க்காதவரை யாரும் கண்டுகொள்வதில்லை. கடைப்பக்கம் போனால் இடுப்பில் எதையாவது சுற்றிக்கொள்ளுங்கள்.

இதுவரை வெயிலே படாத தோல்தான் முதலில் பொரியும். கடற்காற்று வீசுவதால் சுடுவது தெரியாது, ராத்திரி உட்காரும்போதுதான் தெரியும். எஸ்பிஎஃப் 50 என்று குறித்த வெயில் தடுப்புக் களிம்பை 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்து வந்ததும் பூசுங்கள். பின்னால் இருக்கும் மணற்குன்றுகள் இயற்கைக் காப்பகம். குறியிட்ட பாதையை விட்டு விலகினால் அபராதம்.