தீர்க்கதரிசிகளைக் கற்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேதபாடம் எடுக்க வருபவர்கள், என் தொடக்க காலத் தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். யோனாவை விழுங்கியது மீனா திமிங்கிலமா என்பது போன்ற சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை வகுப்பிலேயே யாராவது திருத்திவிடுவார்கள்.

எரேமியா 29:11ஐத் தனியே பிய்த்தெடுப்பது

“தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம். கடன் நெருக்கடியில் தவித்த ஒரு குடும்பத்தின் வீட்டு ஜெபத்தில், என்னிடம் பயின்ற இளைஞர் இதை வாசித்து, “இந்த ஆண்டுக்குள் எல்லாம் சரியாகிவிடும்” என்று உறுதி கொடுத்தார். ஆண்டு முடிவதற்குள் வீடு கைவிட்டுப் போனது. “ஐயா, எங்கள் விசுவாசத்தில்தான் குறையா?” என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். அவருடைய விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு வாசித்துக் காட்டியவர் முந்தைய வசனத்தைப் படிக்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார், யூதாவின் அரசன் எகோனியாவையும் எருசலேமின் தலைவர்களையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். அவர்களுக்கு எரேமியா எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைவைத்திருக்கும் நகரத்துக்காகவே ஜெபியுங்கள். 10ஆம் வசனம் காலத்தைச் சொல்கிறது: 70 ஆண்டுகள். கடிதம் கேட்ட பெரியவர்கள் பாபிலோனிலேயே சாகப்போகிறார்கள் என்பதே அதன் பொருள்.

இதற்கு முந்தைய அதிகாரத்தைப் பாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு ஆண்டுகளுக்குள் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்தில் அறிவித்து, எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை எல்லார் முன்னிலையிலும் உடைக்கிறான். அந்த ஆண்டே அவன் செத்துப்போகிறான். “இந்த ஆண்டுக்குள்” என்று நாள் குறிப்பவர் எரேமியாவின் வசனத்தை வாசித்துவிட்டு அனனியாவின் செய்தியைப் பிரசங்கிக்கிறார்.

கடிதம் கிடைத்தவுடன் எல்லாரும் ஆறுதலடைந்துவிடவும் இல்லை. சிறையிருப்பில் இருந்த செமாயா, இந்த எரேமியாவை ஏன் இன்னும் தொழுமரத்தில் (கைகால்களைப் பூட்டிவைக்கும் தண்டனைக் கட்டையில்) மாட்டவில்லை என்று எருசலேமின் ஆசாரியனுக்கு எழுதிக் கேட்கிறான். அந்தக் கோபமும் அதே 29ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. முழுவதும் வாசிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. வாசிக்காமல் துயரப்படுகிறவர்களின் வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஏசாயா ஆய்வை மறைப்பது

ஏசாயா வாழ்ந்தது கி.மு. 8ஆம் நூற்றாண்டு. 40ஆம் அதிகாரம் முதல் நூல் பேசுவது பாபிலோன் சிறையிருப்பில் இருப்பவர்களிடம். பெர்சிய அரசன் கோரேஸின் பெயரே அதில் வருகிறது. இதனால்தான் 40–55, 56–66 அதிகாரங்களைப் பிற்காலத்தவை என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் பெர்ன்ஹார்ட் டூம் 1892லேயே இந்த மூன்று பிரிவுகளை வகுத்துவிட்டார். சிலர், 1947இல் சாக்கடல் அருகேயுள்ள கும்ரானில் கிடைத்த ஏசாயா சுருளில் 40ஆம் அதிகாரம் இடைவெளியின்றித் தொடர்வதைக் காட்டி இதை மறுக்கிறார்கள். சுருள் எழுதப்பட்டது சுமார் கி.மு. 2ஆம் நூற்றாண்டில். நூல் ஒன்றாகி நெடுங்காலம் கழிந்த பிறகு எழுதிய பிரதி இந்தக் கேள்வியைத் தீர்க்காது. இரு தரப்பையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தாங்கும் வலு உண்டு.

தானியேல் எங்கே இருக்கிறார்?

நம் வேதாகமத்தில் தானியேல் தீர்க்கதரிசிகளோடு இருப்பதால், எல்லா வேதாகமத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எபிரேய வேதாகமத்தில் அவர் தீர்க்கதரிசிகள் தொகுதியில் இல்லை. “எழுத்துகள்” தொகுதியில் இருக்கிறார்.

எசேக்கியேல் 25:17

1994இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றில் இந்த வேதவசனம் என்று சொல்லி ஒலிக்கும் நீண்ட பகுதியின் பெரும்பகுதி எசேக்கியேலில் கிடையாது. நூலைத் திறந்து பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.

ஆமோஸ் 5:24ஐ மட்டும் சொல்வது

நீதி வற்றாத நதியாய்ப் பாயட்டும் என்ற இந்த வரியை 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் எடுத்தாண்டதால் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய மூன்று வசனங்களில் கடவுள் அவர்களுடைய பண்டிகைகளை வெறுக்கிறார், பலிகளை மறுக்கிறார், பாட்டுகளின் இரைச்சலை நிறுத்தச் சொல்கிறார். ஆமோஸ் தெற்கே யூதாவிலுள்ள தெக்கோவாவிலிருந்து வந்து, வட நாடான இஸ்ரவேலின் பெத்தேலில் பேசியவர். அந்த வழிபாட்டுத்தலத்தின் ஆசாரியன் அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். நான்கு வசனங்களையும் சேர்த்து, ஆராதனை நடக்கும் இடத்திலேயே வாசியுங்கள்.