சஃபி ஃபாய் படங்களை எங்கிருந்து தொடங்கி, எப்படிப் பார்ப்பது

எங்கள் சிறிய திரையிடல் குழுவில், மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலைச் சேர்ந்த இயக்குநர் சஃபி ஃபாயின் 'கத்து பேகாட்' படத்தை முதல் முறை போட்டபோது, நான் எழுந்து நின்று முன்னுரை ஆற்றினேன். "ஆப்பிரிக்காவின் முதல் பெண் இயக்குநர்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினேன். படம் ஓடிய இருபதாவது நிமிடத்தில் பின்வரிசையில் கைப்பேசி வெளிச்சம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் எழுந்து போனார்கள், திரும்பவே இல்லை. கோளாறு படத்தில் இல்லை, என் முன்னுரையில்தான். அதற்குப் பிறகு நான்கு முறை போட்டுப் பார்த்துத் தேறியதை இங்கே எழுதுகிறேன்.

முன்னுரை வேண்டுமென்றால் பட்டத்தைச் சரியாகச் சொல்லுங்கள். கேமரூனைச் சேர்ந்த தெரேஸ் சீத்தா பெல்லா 1963இலேயே ஓர் ஆவணப்படம் எடுத்துவிட்டார். இன்னொரு பெண் இயக்குநர் சாரா மால்டொரோர் அங்கோலா விடுதலைப் போரைப் பற்றிய 'சாம்பிசாங்கா'வை 1972இல் முடித்தார். ஆனால் அவர் பிறந்தது பிரான்சில். சஹாராவுக்குத் தெற்கே பிறந்த ஒரு பெண் இயக்கி, வணிகமுறையில் வெளியான முதல் முழுநீளப் படம் என்பதுதான் 1975இல் வந்த 'கத்து பேகாட்'டுக்கு உரிய இடம். பெரிய பட்டத்தைக் கேட்டுவிட்டு வருகிறவர் பெரிய காட்சிகளை எதிர்பார்ப்பார். இதில் இருப்பது ஓர் ஊரின் அன்றாடம்.

வாழ்க்கையை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஃபாய் 1943இல் செனகலின் தலைநகர் டாக்காரில், செரேர் இனக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தார். 1966இல் டாக்காரில் நடந்த கறுப்பினக் கலை விழாவில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷைச் சந்தித்து, அவருடைய படமொன்றில் நடித்தார். அந்தப் படம் ஃபாய்க்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. பிடிக்காத படத்திலும் தொழிலைக் கற்றுக்கொண்டார். பாரிசில் இனவியலும் திரைப்படமும் படித்தார். 2023 பிப்ரவரியில் பாரிசில் காலமானார்.

அதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது நிலக்கடலையைப் பற்றி. இதைச் சொல்லாமல் படத்தைப் போடவே போடாதீர்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் செனகல் உழவர்கள் ஏற்றுமதிக்காகக் கடலை போடும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். 1960இல் விடுதலை கிடைத்தது, கடலை அப்படியே இருந்தது. விதை கடனாக வரும், விலையை வேறு யாரோ வைப்பார்கள். மழை பொய்த்தால் கடன் மட்டும் மிஞ்சும். அறுபதுகளின் இறுதியிலிருந்து மழையும் பொய்த்தது. இந்த நான்கு வரி தெரிந்தவருக்கு, படத்தில் ஒருவர் குனிந்து மண்ணைக் கொத்தும் காட்சி மெதுவாகத் தெரியாது.

கதை சிறியது. ஙோர் என்ற இளைஞனுக்கு கும்பாவை மணக்க ஆசை. விளைச்சல் இல்லாததால் பரிசப் பணம் கொடுக்க வழியில்லை. டாக்காருக்கு வேலை தேடிப் போகிறான், அங்கே சுரண்டப்படுகிறான், ஊர் திரும்புகிறான். இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் பாதியில் சலிப்பு வரும். கதையை விட்டுவிட்டுக் குரல்களைப் பிடியுங்கள். ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் பேசுகிறார்கள். மேலே பிரெஞ்சில் ஒரு பெண் குரல் ஓடுகிறது, அது ஃபாயுடையது. தொலைவில் இருக்கும் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதுகிறார். படத்தின் பிரெஞ்சுப் பெயரே 'உழவன் கடிதம்' என்ற பொருள் தருவதுதான். மூலப் பெயருக்கு உழவனின் குரல் என்று பொருள்.

நான் செய்வது இது. ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் ஊர் பேசுவது, வலப்பக்கம் அவர் பேசுவது என்று குறித்துக்கொண்டே போவேன். முதல் தடவை என் வலப்பக்கம்தான் நிறைந்தது. பழக்கதோஷம், விளக்கவுரையைத்தானே நம்புவோம்! இரண்டாம் தடவை, ஆண்கள் மரத்தடியில் உட்கார்ந்து கடனையும் வரியையும் பேசும் இடத்தில் இடப்பக்கம் வழிந்து பின்பக்கத்துக்குப் போனது. நடிகர்கள் அல்ல, ஊர்க்காரர்கள். தங்கள் கணக்கைத் தாங்களே பேசுகிறார்கள். செனகல் அரசு இந்தப் படத்தை ஏன் தடை செய்தது என்று அந்தப் பின்பக்கத்தைப் படித்தாலே புரிந்துவிடும்.

அடுத்து 'ஃபாட்ஜால்', 1979. ஒரே நாளில் இரண்டையும் பார்க்காதீர்கள், ஒரு வாரம் விடுங்கள். ஆரம்பத்தில் பள்ளிப் பிள்ளைகள் பதினான்காம் லூயி பிரான்சின் மாபெரும் அரசன் என்று ஒப்பிக்கிறார்கள். பிறகு பெரியவரிடம் போய், நம் ஊர் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு பாடங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் போதும், படம் தானே திறந்துகொள்ளும். நிலம் அரசுக்கு உரியது என்று ஆக்கிய 1964ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

இடையில் நேரமிருந்தால் 1983இல் வந்த 'செல்பே'. அரை மணி நேரம்தான். கணவன் வேலை தேடி வெளியூர் போக, குடும்பத்தைச் சுமக்கும் ஒருத்தியின் நாள்கள்.

'மோசான்' கடைசியில். வண்ணமும் அழகும் நிறைந்தது என்பதால் இதிலிருந்து தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பதினான்கு வயதுப் பெண், ஏழை மாணவனிடம் காதல், வெளிநாட்டில் சம்பாதிப்பவனுக்கு நிச்சயித்துவிட்ட பெற்றோர் என்று கதை பழகியதாகத் தோன்றும். முந்தைய இரண்டையும் பார்த்தவருக்குத்தான், அந்தப் பெற்றோர் ஏன் வெளிநாட்டுப் பணத்தின் முன் வாயடைத்து நிற்கிறார்கள் என்பது உறைக்கும். 1990இல் எடுத்த படம் வழக்கில் சிக்கி 1996இல்தான் வெளிவந்தது.

கடைசியாக ஒன்று, விளக்கைப் பற்றி. முதல் திரையிடலில் 'கத்து பேகாட்' முடிகிறது என்று நினைத்து, நானே ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் ஃபாயின் குரல் அமுங்கிப்போனது. கடிதம் மட்டுமே தன்னுடையது, மற்றதெல்லாம் உழவர்களான தன் குடும்பத்தாருடையது என்று அவர் சொல்லும் இடம் அது. படத்தில் வரும் அவருடைய தாத்தா, படப்பிடிப்பு முடிந்த பதினோராம் நாள் இறந்துபோனார். இப்போதெல்லாம் திரை முழுக்க இருண்ட பிறகுதான் விளக்குப் பக்கம் போகிறேன்.