எண்ணை உடைத்துப் பார்க்கப் பழகுவோம்: ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு

மாலை நேரங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். காரணி, மடங்கு, பகா எண், மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்று பாடப் புத்தகத்தில் வரிசையாக வருவதை எல்லாம் தனித்தனிப் பாடம் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் தவிக்கிறார்கள். உண்மையில் இது ஒரே பாடம். ஓர் எண்ணை எதையெல்லாம் பெருக்கி உண்டாக்கியிருக்கிறார்கள் என்று உடைத்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், மற்றவை பின்னாலேயே வந்துவிடும். நான் சொல்லித் தரும் வரிசையிலேயே எழுதுகிறேன். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: சல்லடை

கட்டம் போட்ட தாளில் வரிசைக்குப் பத்தாக 1 முதல் 100 வரை எழுதுங்கள். 1-ஐ அடித்துவிடுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். 2-ஐ வட்டமிட்டு அதன் மடங்குகளான 4, 6, 8 எல்லாவற்றையும் அடியுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக முழு நெடுவரிசைகளே போய்விடும். அடுத்து அடிபடாமல் நிற்பது 3. அதை வட்டமிட்டு அதன் மடங்குகளை அடித்தால் கோடுகள் சாய்வாக ஓடும். அப்புறம் 5, அதற்குப் பிறகு 7.

7-க்கு வரும்போது கொஞ்சம் நின்று கவனியுங்கள். 14, 21, 28 எல்லாம் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். புதிதாக அடிபடுபவை 49, 77, 91 என்ற மூன்றே எண்கள். அத்துடன் வேலை முடிந்தது. 11-க்குப் போக வேண்டியதில்லை. 11-இன் மடங்குகளில் 22, 33, 44 என்று 99 வரை எல்லாமே சிறிய எண்களால் அடிபட்டவை. புதிதாக ஒன்று வர வேண்டுமென்றால் 11 × 11 = 121 ஆக வேண்டும், அது நம் தாளிலேயே இல்லை.

அடிபடாமல் மிஞ்சிய எண்களை எண்ணிப் பாருங்கள், 25 இருக்கும். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்கள் அவை. அவைதான் 100-க்குள் இருக்கும் பகா எண்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த எரடோஸ்தனிஸ் பெயரால் வழங்கும் முறை இது. பூமியின் சுற்றளவைக் கணித்துச் சொன்னவரும் அவரேதான்.

பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது 91-இடம். "அக்கா, இது பகா எண்தான், எதுவும் வகுக்கவில்லை" என்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அடித்துச் சொன்னாள். 2, 3, 5 மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு விட்டிருந்தாள். 7 × 13 என்று எழுதிக் காட்டியதும் அவள் கண் விரிந்ததை மறக்க முடியாது. 51 (3 × 17), 57 (3 × 19), 87 (3 × 29) ஆகியவையும் இதே போல ஏமாற்றும்.

இரண்டாம் படி: வகுபடுமா என்று பார்த்தவுடன் சொல்வது

2, 5, 10 மூன்றுக்கும் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 4-க்குக் கடைசி இரண்டு இலக்கங்கள், ஏனென்றால் 100 என்பதே 4-ஆல் வகுபடும். நாம் நிதானிக்க வேண்டியது 3-இடமும் 9-இடமும். "இலக்கங்களைக் கூட்டு" என்று விதியை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

738 ரூபாயை ஒன்பது பேருக்குப் பங்கிடுவோம். ஒரு நூறு ரூபாயைப் பங்கிட்டால் ஆளுக்கு 11 ரூபாய், மீதி 1 ரூபாய். ஏழு நூறுகளுக்கும் சேர்த்து மீதி 7. ஒரு பத்து ரூபாயைப் பங்கிட்டால் ஆளுக்கு 1, மீதியும் 1. மூன்று பத்துக்கு மீதி 3. கையில் சில்லறையாக 8 இருக்கிறது. ஆக, இன்னும் பங்கிட வேண்டியது 7 + 3 + 8 = 18 ரூபாய். அதுவும் ஆளுக்கு 2 என்று சரியாகப் போய்விடும். அதனால் 738 ஒன்பதால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டுவது என்பது இந்த மீதிகளைக் கூட்டுவதுதான். 99, 9 இரண்டும் 3-ஆலும் வகுபடுவதால் 3-க்கும் இதே காரணம்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். 3-க்கும் 9-க்கும் கூட்டியதால் 6-க்கும் கூட்டிவிடுவார்கள். 15-இன் இலக்கங்களைக் கூட்டினால் 6, ஆனால் 15 ஆறால் வகுபடாது. 6-க்கு 2, 3 இரண்டாலும் வகுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். சரி, அப்படியானால் 24-க்கு 4, 6 இரண்டையும் பார்த்தால் போதுமா? போதாது. 36-ஐ 4-உம் வகுக்கும், 6-உம் வகுக்கும், 24 வகுக்காது. 4-க்கும் 6-க்கும் 2 பொதுவாக இருப்பதால் வந்த சிக்கல் இது. 3, 8 போல 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத சோடியைத்தான் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட எண்களைச் சார்பகா எண்கள் என்கிறோம்.

மூன்றாம் படி: காரணிச்செடி

60-ஐ இரண்டு பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவர் 6 × 10 என்று தொடங்குவார், இன்னொருவர் 4 × 15 என்பார். ஒவ்வொரு கிளையையும் பகா எண் வரும்வரை பிரிக்கச் சொல்லுங்கள். இருவர் தாளிலும் கடைசியில் நிற்பவை 2, 2, 3, 5 மட்டுமே. எந்தக் கிளையில் ஏறினாலும் இறங்கும் இடம் ஒன்றுதான். எண்ணியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிள்ளைகளை அவசரப்படுத்தாமல் நாலைந்து எண்களுக்குச் செய்து பார்க்க விடுங்கள்.

1-ஐ அடித்த காரணமும் இங்கேதான் இருக்கிறது. 1 பகா எண் என்று வைத்துக்கொண்டால் 60-ஐ 1 × 2 × 2 × 3 × 5 என்றும் எழுதலாம், 1 × 1 × 2 × 2 × 3 × 5 என்றும் எழுதலாம், அதற்கு முடிவே இருக்காது. 'ஒரே விடை' என்ற அழகு போய்விடும்.

இந்த நான்கு பகா எண்களை வைத்து 60-இன் காரணிகள் எத்தனை என்றும் சொல்லிவிடலாம். இரண்டு 2-களில் எதுவும் எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம், ஆக 3 வழி. 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், 2 வழி. 5-க்கும் 2 வழி. 3 × 2 × 2 = 12 காரணிகள். 60-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1915-இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

நான்காம் படி: மீ.பெ.கா., மீ.சி.ம.

பெயரே குழப்புகிறது. 'மீப்பெரு' என்று தொடங்குவதற்குச் சிறிய விடை, 'மீச்சிறு' என்று தொடங்குவதற்குப் பெரிய விடை. முதல் சொல்லை விட்டுவிட்டுக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரணி எண்ணுக்குள் அடங்கும், மடங்கு எண்ணைத் தாண்டி வளரும்.

60 ரோஜா, 84 சாமந்தி இருக்கின்றன. பூ மிஞ்சாமல், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்படி அதிகபட்சம் எத்தனை பூங்கொத்து கட்டலாம்?

60 = 2 × 2 × 3 × 5
84 = 2 × 2 × 3 × 7

இரண்டிலும் பொதுவாக இருப்பவை 2, 2, 3. பெருக்கினால் 12. பன்னிரண்டு கொத்துகள், கொத்துக்கு 5 ரோஜா, 7 சாமந்தி. பொதுவில் சேராமல் மிஞ்சிய 5-உம் 7-உம்தான் கொத்துக்குள் போயிருக்கின்றன, பாருங்கள். மீ.சி.ம. வேண்டுமானால் அந்த 12-உடன் மிஞ்சியவற்றையும் பெருக்குங்கள்: 12 × 5 × 7 = 420.

இரண்டு எண்களின் பெருக்கற்பலன் அவற்றின் மீ.பெ.கா., மீ.சி.ம. இரண்டின் பெருக்கற்பலனுக்குச் சமம் (60 × 84 = 12 × 420 = 5040). மூன்று எண்களுக்கு இந்த விதியைப் போட்டுவிடாதீர்கள். 2, 4, 6 எடுத்துச் சரிபாருங்கள், பெருக்கினால் 48, ஆனால் 2 × 12 = 24தான் வரும்.

மீ.சி.ம. நம் நாள்காட்டியிலேயே இருக்கிறது. வியாழன் ஒரு சுற்று வர ஏறத்தாழ 12 ஆண்டு, சனி ஏறத்தாழ 30 ஆண்டு. 12, 30 இரண்டின் மீ.சி.ம. 60. தமிழ் ஆண்டுப் பெயர்களும் 60தான். 1987-இல் வந்த பிரபவ மறுபடி 2047-இல் வரும்.

ஐந்தாம் படி: உடைக்க முடியாத பெரிய எண்கள் வந்தால்

1147, 899 இரண்டின் மீ.பெ.கா. என்ன? காரணிச்செடி போட உட்கார்ந்தால் நேரம் ஓடிவிடும். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் எழுதிய நூலின் ஏழாம் பகுதியில் இதற்கு வழி இருக்கிறது. ஓர் எண் இரண்டையும் வகுக்கும் என்றால் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே ஆக வேண்டும். சிறியதைத் திரும்பத் திரும்பக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது வகுத்தலின் மீதிதான். ஆகவே பெரியதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மீதியை வைக்கலாம்.

1147-ஐ 899-ஆல் வகுத்தால் மீதி 248
899-ஐ 248-ஆல் வகுத்தால் மீதி 155
248-ஐ 155-ஆல் வகுத்தால் மீதி 93
155-ஐ 93-ஆல் வகுத்தால் மீதி 62
93-ஐ 62-ஆல் வகுத்தால் மீதி 31
62-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி இல்லை

விடை 31. காரணிகளைத் தேடாமலே கிடைத்துவிட்டது. முதலில் 84, 60-க்கு இதைச் செய்து 12 வருகிறதா என்று பாருங்கள், கை பழகிவிடும்.

இன்று படித்ததை வைத்து வீட்டில் செய்து பார்க்க ஒன்று தருகிறேன். தம்பியிடமோ தங்கையிடமோ ஒரு மூன்று இலக்க எண்ணை இரண்டு முறை அடுத்தடுத்து எழுதச் சொல்லுங்கள், 347347 என்பது போல. அதை 7-ஆல் வகுக்கச் சொல்லுங்கள், மீதி வராது: 49621. அதை 11-ஆல்: 4511. அதை 13-ஆல்: 347, முதலில் எழுதிய எண்ணே திரும்பி வந்துவிடும். ஏன் என்று கேட்டால் 1001-க்குக் காரணிச்செடி போடச் சொல்லுங்கள். அப்புறம் 347-ஐ 1001-ஆல் பெருக்கச் சொல்லுங்கள்.