கண்ணாடி ஏறவில்லை என்றால் மோட்டார்தானா குற்றவாளி?

வேளச்சேரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, என் காரின் ஓட்டுநர் பக்க ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. மறுநாள் பட்டறைக்காரர் சுவிட்சை இரண்டு முறை அழுத்திப் பார்த்து, மோட்டார் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார். புது மோட்டார் வந்தது, பணமும் போனது. நான்காம் நாள் கண்ணாடி அதே இடத்தில் நின்றது. கடைசியில் பார்த்தால், கதவின் கீல் ஓரத்து ரப்பர் குழாய்க்குள் ஒரு வயர் அறுந்து கிடந்தது.

எடுத்த எடுப்பில் மோட்டாரைச் சந்தேகிப்பதுதான் பெரிய தவறு. அது 12 வோல்ட்டில் ஓடும் எளிய சாதனம். மின்சாரத்தை ஒரு திசையில் கொடுத்தால் கண்ணாடி ஏறும், மாற்றிக் கொடுத்தால் இறங்கும். மோட்டார்வரை மின்சாரம் போய்ச் சேர்கிறதா என்பதை, கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இருட்டிய பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, கூரை விளக்கைப் பார்த்தபடி சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு சற்று மங்கினால் மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது. சிக்கல் பெரும்பாலும் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டர் இறுகிப்போனதிலோ கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்திலோ இருக்கும். துளியும் மங்கவில்லையென்றால் ஃபியூஸ், சுவிட்ச், வயர், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் ஆகியவற்றில் எங்கோ பாதை அறுந்திருக்கிறது. சுவிட்சை அழுத்தியபடியே கதவில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டும்போது கண்ணாடி அசைந்தால் தேய்ந்த பிரஷ்மேல் சந்தேகப்படலாம்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு வகை. மோட்டாரில் வயரை மாட்டும் கனெக்டரைக் கழற்றி முனையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். 12 வோல்ட் காட்டுகிறது, வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பத்து இழைகள் அறுந்து ஒரே இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். மோட்டாரை ஓட்டும் தெம்பு மட்டும் இருக்காது. கனெக்டர் மோட்டாரில் மாட்டியிருக்க, ஒருவர் சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்க, பின்பக்கமாக இரு முனைகளையும் தொட்டு அளக்க வேண்டும். அப்போது வோல்ட் தடாலென விழுந்தால் குறை வயரிலோ சுவிட்சிலோ எர்த்திலோதான்.

ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும் அந்த ரப்பர் குழாய்க்குள் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. அதிகம் திறக்கப்படுவது ஓட்டுநர் கதவு என்பதால் அங்கேதான் முதலில் அறும். சுவிட்சை அழுத்தியபடி கதவை மெல்லத் திறந்து மூடச் சொல்லுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் கண்ணாடி உயிர்பெற்றால் நோய் பிடிபட்டது. அறுந்ததை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழை வரைதான் தாங்கும். பல இழை கொண்ட வயராகப் போட்டு, ஒட்டுப்போடும் இடம் வயர் மடியும் இடத்தில் விழாதபடி தள்ளிவைத்துப் பற்றவைக்க வேண்டும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 20 ஆம்பியர் இடத்தில் 30 போடுவதை இந்த ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன். ஃபியூஸ் காப்பது வயரை. பெரியதைப் போட்டால் முதலில் உருகுவது கதவுக்குள் இருக்கும் வயராக இருக்கும்.

இடப்பக்கக் கண்ணாடி அதன் சொந்த சுவிட்சுக்கு அசையவில்லை என்றால் அந்த சுவிட்சை மட்டும் மாற்றிப் பயனில்லாமல் போகலாம். பல கார்களில் அதற்கான மின்சாரம் ஓட்டுநர் பக்க சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது. அங்கே கண்ணாடிகளைப் பூட்டும் பொத்தான் ஒன்றும் உண்டு. என் அக்கா மகன் அதை அழுத்திவிட்டு இறங்கிப்போனதால் அரைநாள் வீணடித்தவன் நான். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதி வண்டிகளில் கனெக்டர் முனைகளில் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சுரண்டாமல், மின் இணைப்புகளுக்கென்றே விற்கும் கிளீனரால் துடையுங்கள்.

சோதிக்கும் வேகத்தில் கண்ணாடியைப் பத்து முறை ஏற்றி இறக்கினால் சூடு தாங்காமல் மோட்டார் தானாக நின்றுவிடும். பல மோட்டார்களில் அதற்கென்றே ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஓடும். அதையும் பழுதென்று எண்ணி, புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய மோட்டார் தேடுகிறவர்கள் உண்டு. உண்மையிலேயே தேவைப்பட்டுப் போகிறீர்கள் என்றால், இடக்கதவு மோட்டாரும் வலக்கதவு மோட்டாரும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்து, கடையிலேயே பேட்டரியில் இணைத்து இரு திசையிலும் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு, ஒரே தொடுதலில் ஏறும் கண்ணாடி பாதியில் திரும்பி இறங்கினால் பதறாதீர்கள். மேல் எல்லையை அது மறந்திருக்கும். பல கார்களில் கண்ணாடி முழுக்க மூடிய பிறகும் சுவிட்சைச் சில விநாடிகள் பிடித்திருந்தால் மீண்டும் கற்றுக்கொள்ளும். உங்கள் காருக்கான முறை கையேட்டில் இருக்கும்.