எடை குறைந்த பிளைவீலுக்கு எந்தக் கிளட்ச்? கோலாலம்பூர் சாலைகளில் தினமும் ஓடும் காருக்கான வழிகாட்டி

எடை குறைந்த பிளைவீலை (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் தட்டு) ஓரிடத்திலும் கிளட்சை (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் பகுதி) வேறோரிடத்திலும் வாங்கி வைத்துக்கொண்டு, கியர்பாக்ஸை இறக்கும் நாளில் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, வீரா, மேனுவல் மைவி, பழைய ஹோண்டா சிவிக் என்று எந்தக் கார் வைத்திருந்தாலும், முதலில் மனதில் கொள்ள வேண்டியது ஒன்றுதான். பிளைவீலும் கிளட்சும் ஒன்றின் குணத்தை மற்றொன்று மாற்றக்கூடியவை. ஆகவே இரண்டையும் ஒரே முடிவாக எடுக்க வேண்டும். அந்த முடிவும் கார் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்ததே தவிர, எஞ்சின் எவ்வளவு சக்தி தருகிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல.

பிளைவீலின் எடையைக் குறைப்பதால் எஞ்சினின் சக்தி கூடுவதில்லை. எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளச் செலவிடும் உழைப்பு குறைகிறது, அவ்வளவுதான். இந்தப் பயன் கீழ் கியர்களில் மிகுதியாகவும் மேல் கியர்களில் மிகக் குறைவாகவும் தெரியும். மையத்திலிருந்து சராசரியாக 11 சென்டிமீட்டர் தொலைவில் 3 கிலோவைக் குறைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரையும் இறுதிப் பல்சக்கரத்தையும் சேர்த்த விகிதம் 14 என்றும், டயரின் ஆரம் 29 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், முதல் கியரில் வேகமெடுக்கும்போது அது காரிலிருந்து சுமார் 85 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமம். ஐந்தாவது கியரில் மொத்த விகிதம் 3 என்றால், அதே மாற்றத்தின் பயன் வெறும் 4 கிலோதான். காராக் நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் முந்திச் செல்லும்போது வித்தியாசமே தெரியவில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதற்கும், கெந்திங் மலைப்பாதையில் இரண்டாவது கியரில் எஞ்சின் துள்ளுகிறது என்று வேறு சிலர் மகிழ்வதற்கும் இதுவே காரணம்.

எடை எங்கே குறைக்கப்பட்டது என்பதும் அதே அளவு முக்கியம். விளிம்பில் உள்ள ஒரு கிலோ, பாதி ஆரத்தில் உள்ள ஒரு கிலோவைப் போல நான்கு மடங்கு சுழல் மந்தத்தை, அதாவது சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மையைத் தருகிறது. எனவே பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எடையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். நடுப்பகுதியில் அழகாகத் துளையிடப்பட்ட 5 கிலோ பிளைவீலைவிட, விளிம்பு மெலிதாக்கப்பட்ட 5.5 கிலோ பிளைவீல் அதிகப் பயன் தரலாம்.

இனி, எதை இழக்கிறோம் என்று பார்ப்போம். கார் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது பிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றல்தான் எஞ்சினுக்கு முதல் உதவி. அது குறைந்தால், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்க வேண்டும். கிளட்சைச் சற்று நேரம் கூடுதலாக வழுக்கவும் விட வேண்டும். காலை நேரத்தில் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து செல்பவருக்கும், பேரங்காடிகளின் செங்குத்தான கார் நிறுத்தச் சரிவில் பல முறை நின்று நின்று ஏறுபவருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளக்காமலே புரியும். தைப்பூசத்தன்று பத்துமலையைச் சுற்றியுள்ள நெரிசலில் சிக்கிய ஒரு கார், ஒரே நாளில் கிளட்சுக்குக் கொடுக்கும் சோதனையை எந்தப் பந்தயத் தடமும் கொடுக்காது. போதாக்குறைக்கு, நம் ஊர் வெயிலில் ஏர்கண்டிஷனர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்ரசர் சேரும் அந்த நொடியில் எஞ்சின் வேகம் சரியும். கனமான பிளைவீல் அந்தச் சரிவைத் தாங்கிப் பிடிக்கும், மிக இலேசானதோ பிடிக்காது.

இந்த இடத்தில்தான் கிளட்ச் தேர்வு தொடங்குகிறது. பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். பிளைவீலை மாற்றினால் கிளட்சையும் வலுவானதாக மாற்றியே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்கு அடிப்படை இல்லை. கிளட்ச் தாங்கும் முறுக்கு விசை என்பது அழுத்த விசை, உராய்வுக் கெழு (பரப்பு எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு), சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றின் பெருக்கல். ஒரு கிளட்ச் கவர் (பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பகுதி) 4500 நியூட்டன் விசையோடு அழுத்துகிறது, ஆர்கானிக் பிளேட்டின் (சாதாரணச் சாலைக் கார்களில் வரும் வகை) உராய்வுக் கெழு 0.3, சராசரி ஆரம் 9 சென்டிமீட்டர், பரப்புகள் 2 என்றால், அது 243 நியூட்டன் மீட்டரைத் தாங்கும். எஞ்சின் தருவதோ 165 நியூட்டன் மீட்டர்தான் என்றால், தாங்கும் திறன் அதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருக்கிறது. பிளைவீலை இலேசாக்குவதால் இந்த 165 ஒரு புள்ளிகூடக் கூடாது. மாறாக, கியர் மாற்றும்போது கிளட்ச் திடீரெனப் பிடித்தால் கியர்பாக்ஸுக்குள் பாயும் அதிர்ச்சி குறையும். ஆகவே டர்போ பூட்டாத, எஞ்சின் உள்ளே எதையும் மாற்றாத காருக்கு, நல்ல நிலையில் உள்ள அசல் தரக் கிளட்சே போதுமானது. சற்றே கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால், அழுத்த விசை 15 முதல் 30 விழுக்காடு கூடுதலான கவரை எடுத்துக்கொண்டு, பிளேட்டை ஆர்கானிக் வகையிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் இடது கால்தான் விலை கொடுக்கும். கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் கேபிளும் ரிலீஸ் ஃபோர்க்கும் (கிளட்சை விடுவிக்கும் நெம்புகோல்) சேர்ந்து தேயும்.

பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். முதலாவது, நடுவில் வட்டமாக அமைந்த சுருள் ஸ்பிரிங்குகள். எஞ்சினின் ஒவ்வொரு எரிப்புத் துடிப்பையும் அவைதான் மென்மையாக்கி கியர்பாக்ஸுக்கு அனுப்புகின்றன. பிளைவீல் இலேசாகும்போது கிராங்கின் (எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டு) வேகம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலாக ஏறி இறங்கும் என்பதால், இந்த ஸ்பிரிங்குகளின் வேலை முன்பைவிடக் கூடுகிறது. ஸ்பிரிங் இல்லாத பிளேட்டைச் சாலைக் காரில் பூட்டவே வேண்டாம். இரண்டாவது, இரு உராய்வுப் பரப்புகளுக்கும் இடையே அலை வடிவில் வளைந்திருக்கும் மெல்லிய எஃகுத் தகடு. பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அந்த அலை கண்ணுக்குத் தெரியும். விரல்களால் அழுத்தினால் சிறிது ஒடுங்கும். கிளட்ச் படிப்படியாகப் பிடிப்பதற்குக் காரணமே அந்த ஒடுக்கம்தான். மூன்றாவது, உராய்வுப் பரப்பு முழு வட்டமாக இருக்கிறதா, அல்லது இதழ்களைப் போல நான்காகவோ ஆறாகவோ பிரிந்திருக்கிறதா என்பது.

இதழ் வடிவப் பிளேட்டுகள் பெரும்பாலும் செராமிக் கலவையால் ஆனவை. உராய்வுக் கெழு அதிகம், வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அவற்றில் பலவற்றில் அந்த அலைத் தகடு இருப்பதில்லை. எனவே அவை வழுக்கிப் பிடிக்க மாட்டா. விட்டால் விட்டது, பிடித்தால் பிடித்ததுதான். மிக இலேசான பிளைவீலோ கூடுதலாக வழுக்கினால்தான் காரை நகர்த்தும். ஒன்று வழுக்கலைக் கேட்கிறது, மற்றொன்று அதை மறுக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பூட்டிய கார் சமிக்ஞை விளக்கில் புறப்படும்போது முன்பக்கம் குலுங்கும், எஞ்சின் அணையும், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். நாளடைவில் எஞ்சின் மவுண்டுகளும் கிழியும். செப்பாங் தடத்தில் மட்டும் ஓடும் காருக்கு இந்த ஜோடி பொருந்தலாம். செராஸிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு இதைப் பரிந்துரைக்கும் கடைக்காரர் உங்கள் நலனை நினைத்துப் பேசவில்லை என்றே நான் சொல்வேன்.

அப்படியானால் எவ்வளவு குறைக்கலாம்? அசல் எடையில் 25 முதல் 40 விழுக்காடு வரை குறைப்பது சாலைக்கு நல்ல எல்லை. அசல் பிளைவீல் 8 கிலோ என்றால், 5 முதல் 6 கிலோவுக்குள் நின்றுகொள்ள வேண்டும். குரோமோலி எனும் வலுவான கலப்பு எஃகில் ஒரே துண்டாகக் கடையப்பட்டது முதல் தேர்வு. அலுமினியப் பிளைவீல்களில் உராய்வுப் பரப்பாக ஓர் எஃகுத் தகடு தனியே பூட்டப்பட்டிருக்கும். தேய்ந்தால் அந்தத் தகட்டை மட்டும் மாற்றலாம் என்பது வசதிதான். ஆனால் அவை பெரும்பாலும் நெரிசல் பயன்பாட்டுக்கு அளவுக்கு மீறி இலேசானவை.

அசல் வார்ப்பிரும்புப் பிளைவீலைப் பட்டறையில் கொடுத்து, லேத்தில் கடைந்து மெலிதாக்கித் தரச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இதைச் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சுழலும் தட்டில் ஏற்படும் தகைவு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. நிமிடத்துக்கு 3500 சுழற்சியில் இருப்பதைப் போல 7000 சுழற்சியில் நான்கு மடங்கு. வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் பலவீனமானது. எச்சரிக்கை தராமல் உடையும். உடைந்த துண்டு பெல் ஹவுசிங்கை (கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸ் உறை) துளைத்து ஓட்டுநரின் காலருகே வரக்கூடும். எஸ்எஃப்ஐ 1.1 (பந்தய உதிரிபாகங்களுக்கான பாதுகாப்புத் தரம்) தரச்சான்று பெற்ற பிளைவீலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் செலவல்ல. கிளட்சிலும் போலிச் சரக்கு உண்டு என்பதால், பெட்டி, பாக எண், முத்திரை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும். பழைய போர்மேன்கள் (மெக்கானிக்குகள்) ‘டைகின் கிளட்ச்’ என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அந்த ஜப்பானிய நிறுவனம்தான் 1995 முதல் எக்ஸெடி என்ற பெயரில் இயங்குகிறது.

ஐரோப்பிய டர்போ கார்கள் பலவற்றில் இரட்டைத் தட்டுப் பிளைவீல் இருக்கும். அவற்றில் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் பிளைவீலுக்குள்ளேயே அமைந்திருப்பதால், கிளட்ச் பிளேட் பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லாமல் வரும். ஒற்றைத் தட்டுக்கு மாறும்போது பழைய வகைப் பிளேட்டையே திரும்பப் பூட்டினால் அதிர்வை ஏற்க யாரும் இல்லை. ஆகவே ஸ்பிரிங் உள்ள பிளேட் சேர்ந்த முழுத் தொகுப்பாகவே வாங்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் அளவெடுக்கும் வேலை இருக்கிறது. ஹாஃப்கட் (பழைய காரை வெட்டி எடுத்த) எஞ்சினோ கியர்பாக்ஸோ பூட்டிய கார்கள் நம் நாட்டில் ஏராளம் என்பதால், பதிவு அட்டையில் உள்ள மாடல் பெயரை நம்பி வாங்குவது ஆபத்து. பிளேட்டின் ஸ்பிளைன் (தண்டில் பொருந்தும் பல்வரிசை) எண்ணிக்கையை கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். பிளேட்டின் விட்டம் 200, 215, 225 மில்லிமீட்டர் என்று பலவாக இருக்கும்; கவரும் பிளைவீலும் ஒரே விட்டத்துக்கானவையா, டவல் பின்கள் (கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் ஊசிகள்) அதே இடத்தில் உள்ளனவா, ரிங் கியரின் (பிளைவீலின் விளிம்பில் உள்ள பல்வளையம்) பற்கள் ஸ்டார்ட்டரோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். கவர் பூட்டும் பரப்புக்கும் பிளேட் உராயும் பரப்புக்கும் இடையே படி உள்ள பிளைவீல் என்றால், அந்தப் படியின் உயரம் அசலோடு ஒத்திருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் மாறினாலும் அழுத்த விசையும் பெடல் பிடிக்கும் இடமும் மாறிவிடும். சில எஞ்சின்களில் கிராங்க் சென்சாருக்கான பற்கள் பிளைவீலிலேயே இருக்கும், அதையும் மறக்கக் கூடாது.

பூட்டும் நாளில் அவசரப்பட வேண்டாம். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிப்பது), பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்குவது) இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் புதுப் பிளேட்டில் பட்டால் மொத்த வேலையும் மறுபடியும்தான். பழைய பிளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தால், அந்தக் கார் எவ்வளவு வழுக்கி ஓட்டப்பட்டது என்பதற்கு அவையே சாட்சி. அத்தகைய ஓட்டுநர் 40 விழுக்காட்டை அல்ல, 25 விழுக்காட்டைத் தேர்ந்தெடுப்பதே நல்லது, ஏனெனில் எடை குறைந்த தட்டு அதே வெப்பத்தில் கூடுதலாகச் சூடேறும். புதுப் பிளைவீலின் மீது பூசியிருக்கும் துரு தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, பிறகு முகத்தைக் கையால் தொடாமல் இருக்க வேண்டும். பிளைவீல் போல்ட்டுகள் புதியவையாக இருக்கட்டும். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள முறுக்கு அளவுக்கு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். போல்ட் துளை கிராங்க் கேஸ் வரை ஊடுருவிச் செல்லும் எஞ்சின்களில் சீலன்ட் இடாவிட்டால் எண்ணெய் கசியும். பிளேட்டில் பிளைவீலை நோக்கியிருக்க வேண்டிய பக்கம் எது என்று அச்சிடப்பட்டிருக்கும். நடுப்படுத்தும் கருவியைச் செருகி, கவரின் போல்ட்டுகளை ஒவ்வொரு சுற்றாகச் சமமாக இறுக்க வேண்டும். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் பிளேட்டின் மீது தொங்க ஒரு நொடிகூட அனுமதிக்கக் கூடாது.

முதல் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை நகருக்குள் மென்மையாக ஓட்டி, பிறகு பெடலின் தளர்வை மறுபடியும் சரிபார்க்க வேண்டும். ஏர்கண்டிஷனர் சேரும்போது எஞ்சின் தடுமாறினால், முதலில் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்துவிட்டு, ஐடில் வேகத்தை (கார் நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகம்) நிமிடத்துக்கு 50 அல்லது 100 சுழற்சி உயர்த்திப் பாருங்கள். சில கார்களின் கணினி, கிராங்க் வேகத்தின் புதிய ஏற்ற இறக்கத்தை மிஸ்ஃபயர் (எரிப்புத் தவறல்) என்று தவறாகப் படித்து எச்சரிக்கை விளக்கை எரிய வைக்கும். பிளக்கையும் காயிலையும் சோதித்த பிறகே அதைப் பிளைவீலின் விளைவு என்று முடிவு செய்ய வேண்டும்.

நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து ‘கடகட’ என்ற சத்தம் எழுந்து, பெடலை மிதித்ததும் நின்றுபோனால், அது கியர் பற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். இலேசான பிளைவீலில் ஓரளவு எதிர்பார்க்க வேண்டியதே. மிதித்ததும் நிற்பது ‘கடகட’வாக இல்லாமல் சீரான ஊளையாக இருந்தால் உள்ளீட்டுத் தண்டின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதிக்கும்போதுதான் சத்தமே தொடங்குகிறது என்றால் பழுது ரிலீஸ் பேரிங்கில் இருக்கிறது. அதைத் தள்ளிப்போடாமல் போர்மேனிடம் கொண்டுபோக வேண்டும்.